பிரித்து வைத்தால் சண்டை வராது: அரசமைப்பு ஒப்பாத ஒரு நெல்லை நியாயம்

திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றில் இரண்டு தெருக்களுக்குள் தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடை விழாவில் சப்பரம் எந்த வழியாகப் போவது என்பதில் ஆரம்பித்திருக்கும், இல்லையென்றால் ஒரு பிளக்ஸ் போர்டில். போலீஸ் வண்டி இரண்டு நாள் முக்கில் நிற்கும். அப்புறம் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். இரண்டு தரப்பிலும் பெரிய ஆட்கள் வருவார்கள், அண்ணாச்சி, மாமா என்று ஒருவரையொருவர் மரியாதையாகத்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பேசி முடித்து எழுதும் தாளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்: இவர்களுக்கு இந்த நாள், அவர்களுக்கு அந்த நாள். இவர்களுக்கு இந்தத் தெரு, அவர்களுக்கு அந்தத் தெரு. கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அரிவாள் வெளியே வராமல் முடிந்ததே என்ற நிம்மதி சின்ன விஷயம் இல்லை. ஆனால் நியாயம் என்றால் என்ன என்பதை இந்தச் சீமையில் வளரும் ஒரு பிள்ளை முதலில் படிப்பது இந்தத் தாளில்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பங்கு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கோடு. கோட்டைத் தாண்டாதே, வம்பு வராது. இந்திய அரசமைப்புச் சட்டம் பேசும் நியாயம் வேறு. நவம்பர் 26-ஆம் தேதி அரசமைப்பு நாள் என்று 2015-இலிருந்து கொண்டாடுகிறோம். ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் எழுந்து நின்று முகவுரையை வாசித்து உறுதிமொழி எடுக்கிறோம். வாசித்துவிட்டு உட்காருகிறவர்களில் பலருக்கு, தாங்கள் வாசித்ததும் தங்கள் ஊர் வழக்கமும் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன என்பது தோன்றுவதில்லை.

முகவுரை ஒரே ஒரு நீண்ட வாக்கியம். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நான்கை அது உறுதி சொல்கிறது. முதல் மூன்றுக்கும் வேர் 1946 டிசம்பர் 13 அன்று நேரு அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தில் இருக்கிறது. நான்காவது அதில் இல்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு பின்னால் சேர்த்தது அது. 1948 பிப்ரவரியில் வரைவைச் சபைத் தலைவருக்கு அனுப்பும்போது, சகோதர உணர்வும் நல்லிணக்கமும் இப்போது தேவைப்படுவதுபோல் முன்பு எப்போதும் தேவைப்பட்டதில்லை, அதனால் இதைச் சேர்த்திருக்கிறோம் என்று குழு விளக்கமும் தந்தது. பிரிவினை ரத்தம் காயவில்லை, காந்தி சுடப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் எழுதியது.

அந்தச் சகோதரத்துவ வரியை நிதானமாகப் படித்தால் இன்னொன்று தெரியும். தனிமனிதரின் மாண்பையும் நாட்டின் ஒற்றுமையையும் உறுதிசெய்யும் சகோதரத்துவம் என்கிறது. மாண்பு முன்னால் நிற்கிறது, ஒற்றுமை அதற்குப் பின்னால். மாண்பும் தனி ஆளுடையது. சமுதாயத்தின் மாண்பு, ஊரின் மாண்பு என்று எழுதவில்லை. 1948 நவம்பர் 4 அன்று வரைவை அறிமுகப்படுத்திப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்று வெளிப்படையாகவே சொன்னார். பல உறுப்பினர்களுக்கு அது பிடிக்கவில்லை. கிராமத்தை இப்படித் தூக்கிப் போடலாமா என்று சண்டை பிடித்தார்கள். அந்த மனத்தாங்கலின் விளைவாக ஊராட்சிகள் பற்றிய 40-ஆவது பிரிவு வந்தது. அதை முன்மொழிந்தவர் நம் மாகாணத்துக் கே. சந்தானம். ஆனால் அலகு மாறவில்லை. ஓட்டு ஆளுக்கு ஒன்று, உரிமையும் ஆளுக்குத்தான்.

நம் ஊர்க் கணக்கில் அலகு ஆள் இல்லை. 'எங்க ஆளுக' என்பதுதான் அலகு.

இந்தக் கணக்கு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்குப் பாளையங்கோட்டை மத்தியச் சிறையைவிட நல்ல சாட்சி கிடையாது. அங்கே கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைப்பதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் சாதி மோதல் சகஜம், அது சிறைக்குள்ளும் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இப்படி வைக்கிறோம் என்று அரசுத் தரப்பு சொன்னது. உயர் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. யோசித்துப் பாருங்கள், சமாதானக் கூட்டத்துத் தாளில் இருந்த அதே வரிதான். சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்து 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இந்தப் பாளையங்கோட்டை விவகாரமும் வருகிறது. உயர் நீதிமன்றத்தின் நிலையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்காகச் சாதிப் பிரிவினையை வளர்க்கும் வழியில் இறங்கக் கூடாது என்றது. நாடு முழுவதும் சிறை விதிகளில் இருந்த சாதி சார்ந்த ஏற்பாடுகளையும் செல்லாது என்று அறிவித்தது.

அதைப் படித்த நம்மூர்க்காரர் ஒருவர், "டெல்லியில உக்காந்துட்டுச் சொல்லலாம், இங்க வந்து பாத்தால்லா தெரியும்" என்று சொல்லக்கூடும். அந்தப் பேச்சை அறிவீனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிரித்து வைப்பவர்களிடம் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதுதான் இதில் உள்ள சிக்கலே.

சேரன்மகாதேவிக் கதையை எடுங்கள், நம் பேச்சில் சேர்மாதேவி. வ.வே.சு. ஐயர் 1920-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு தமிழ்க் குருகுலம் நடத்தினார். தேசிய உணர்வுள்ள பிள்ளைகளை வளர்ப்பது நோக்கம். பொதுமக்கள் பணம் தந்தார்கள், தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தார்கள். ஆனால் பிராமணச் சிறுவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் சாப்பாடு தனி. பெற்றோர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள், ஐயரும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஐயர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான், அவருக்கு அந்தத் தீட்டெல்லாம் கிடையாது. பெற்றோரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அவர் காரணம்.

அப்போது காங்கிரசில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதை விடவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் இலை தனியாகப் போடலாமா என்று கேட்டார்கள். விஷயம் காந்தி வரை போனது. இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் வருகிறவர்களுக்கு அப்படிச் சலுகை வேண்டாம் என்ற மாதிரி ஒரு நடுவழியை அவர் சொன்னார். யாருக்கும் திருப்தி இல்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு பார்ப்பதைத் தேசிய நிறுவனங்கள் கைவிட வேண்டும் என்று 1925-இல் காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் போட்டது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்துபோனார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் எடுபடாமல் போக, பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலின் போக்கே மாறியதில் சேர்மாதேவியின் இரண்டு இலைக்கும் பங்கு உண்டு.

அந்தக் கேள்வி அப்படியே கால் நூற்றாண்டு கழித்து அரசமைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படியுங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணத்துக்காக மட்டும் எந்தக் குடிமகனையும் கடைகள், உணவு விடுதிகள், பொழுதுபோக்கு இடங்களுக்குள் போகக் கூடாது என்று தடுக்க முடியாது. அரசுப் பணத்தில் முழுதாகவோ ஓரளவோ பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்ட கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். படித்துறை என்று தனியாகவே இருக்கிறது. குறுக்குத்துறையிலும் வண்ணார்பேட்டையிலும் படியிறங்கிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு நாட்டின் மூலச் சட்டத்தில் படித்துறை வருவது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஆற்றங்கரை ஊர்களில் யார் எந்தத் துறையில் இறங்கலாம் என்று இருந்த கணக்கு தெரிந்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

1948 நவம்பர் 29 அன்று இதன் மீது விவாதம் நடந்தபோது, கடை என்பதற்குள் எதெல்லாம் அடங்கும் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். சேவை கேட்டு வருகிற யாருக்கும் சேவை தரத் தயாராக இருக்கும் எந்த இடமும் கடைதான் என்று அம்பேத்கர் விரித்துச் சொன்னார். அப்படிப் பார்த்தால் சலூனும் சலவைக் கடையும் இதற்குள் வந்துவிடும். அதே நாளில்தான் தீண்டாமையை ஒழிக்கும் பிரிவும் நிறைவேறியது, இன்றைக்கு அது 17-ஆவது பிரிவு.

பொதுவாக எல்லாரும் தவறவிடுகிற இடம் இதுதான். அரசமைப்பு என்பது எனக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு என்று நினைக்கிறோம். கலெக்டர் என்னை ஏமாற்றக் கூடாது, போலீஸ் அடிக்கக் கூடாது, ரேஷன் ஒழுங்காக வர வேண்டும். அது உண்மைதான், பெரும்பாலான உரிமைகள் அரசைப் பார்த்து எழுதியவைதான். ஆனால் 15(2), 17 போன்ற சில பிரிவுகள் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில் வந்து நிற்கின்றன. டீக்கடையில் தனி டம்ளர் வைப்பவர் அரசாங்கம் இல்லை. 'என் கடை, என் டம்ளர்' என்று அவர் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

கொக்கிரகுளத்தில் திங்கட்கிழமை காலை போய்ப் பாருங்கள். கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்கள் கிளிப் அட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். "அண்ணாச்சி, நல்லா உருக்கமா எழுதுங்க" என்று வயதான அம்மா ஒருத்தி கேட்பாள். அவரும் 'தாங்கள் கருணை கூர்ந்து' என்று ஆரம்பித்து, 'ஏழையின் குடும்பத்தில் விளக்கேற்றுமாறு தாழ்மையுடன் வேண்டி' என்று முடிப்பார். கேட்பது பெரும்பாலும் பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், பாதை ஆக்கிரமிப்பு. சட்டப்படி வர வேண்டியதுதான் எல்லாம். தனியாக வந்தால் இப்படி, இல்லையென்றால் 'ஊர் பொதுமக்கள் சார்பாக' என்று இருபது பேராக வேன் பிடித்து வருவார்கள். ஒன்று கெஞ்சல், இல்லாவிட்டால் கூட்டம். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் பலமுறை மனு கொடுத்துப் பார்த்த ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு அந்த வளாகத்திலேயே தீ வைத்துக்கொண்டது. அப்புறம் வாசலில் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

அதற்கும் முன்னால், 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டரிடம் மனு கொடுக்க வந்த ஊர்வலம் அது. கூலி உயர்வும், சிறையில் இருந்தவர்களின் விடுதலையும் கோரிக்கை. கொக்கிரகுளத்தில் தடியடி நடந்தது. ஓடியவர்களுக்கு ஒரு பக்கம் போலீஸ், மறு பக்கம் தாமிரபரணி. 17 பேர் இறந்தார்கள், ஒரு சின்னக் குழந்தையும் சேர்த்து. ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை 19-ஆவது பிரிவில் இருக்கிறது. இப்போதும் ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவ வருகிறார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கப்படும்.

இதற்கு நேர் எதிரான ஒரு தாளும் இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 2005-ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். கருணைக்கு அதில் இடம் இல்லை, எந்த ஊர், யார் ஆள் என்பதற்கும் இல்லை. கேட்பவர் குடிமகனாக இருந்தால் சரி. அரசமைப்பு நினைக்கிற ஆள் எப்படி இருப்பார் என்று காட்ட, முகவுரையைவிட இந்த ஒரு பக்க மனு எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, அப்படியென்றால் இடஒதுக்கீடு என்ன, அதுவும் சாதி பார்த்துத்தானே என்று கேட்பார். நியாயமான கேள்வி. இதற்குச் சென்னை மாகாணத்திலேயே விடை எழுதப்பட்டது. நீதிக்கட்சிக் காலத்தில் வேரூன்றிய வகுப்புவாரி அரசாணையின்படி மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை 14 என்று வைத்துப் பிரித்தார்கள். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிமுக்கு 1. மொத்த இடமும் பங்கு. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரிய கொந்தளிப்பு. ஜூன் மாதமே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. அதில் சேர்ந்த 15(4) சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிறது.

பழைய அரசாணைக்கும் 15(4)-க்கும் உள்ள வித்தியாசத்தை நம் பக்கம் யாரும் அதிகம் கவனிப்பதில்லை. முன்னது எல்லாருக்கும் பங்கு போட்டது. பின்னது, தள்ளி வைக்கப்பட்டவரை உள்ளே கொண்டுவர அரசுக்குக் கைகொடுத்தது. பங்கு நியாயமே சரி, விகிதாசாரம்தான் உண்மையான சமத்துவம் என்று வாதாடும் வலுவான மரபும் தமிழ்நாட்டில் உண்டு, அதை நான் தள்ளிப் பேசவில்லை. அரசமைப்பு எடுத்த வழி அது இல்லை என்பதுதான் செய்தி. சாதியை அது கணக்கில் எடுக்கிறது, சாதியால் அடிபட்ட ஆளுக்காக எடுக்கிறது. 'எங்க ஆளுகளுக்கு எத்தனை' என்று மட்டும் பேசும்போது அந்த ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்.

கூட்டம் என்ற ஒன்றே அரசமைப்பில் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இதற்கும் நம்மூர்க்காரர் ஒருவரே சாட்சி. காயிதே மில்லத் முகமது இஸ்மாயில், 1896-இல் பேட்டையில் பிறந்தவர், அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்து உறுப்பினர். பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு 1948 நவம்பர் 23 அன்று விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகத்தையும் அதன் தனிச் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது. முஸ்லிம்களுக்கு முஸ்லிம்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதி கேட்டார், அதுவும் தோற்றது. ஆனால் மதச் சுதந்திரம் 25-ஆவது பிரிவிலும், சிறுபான்மையினர் தம் மொழியையும் கல்வி நிலையங்களையும் காத்துக்கொள்ளும் உரிமை 29, 30-ஆவது பிரிவுகளிலும் நின்றன. தன் திருத்தங்களைத் தள்ளிய அதே அரசமைப்பின் கீழ் அவர் மாநிலங்களவைக்குப் போனார், மஞ்சேரியிலிருந்து மூன்று முறை மக்களவைக்கு ஜெயித்தார். தோற்ற பிறகும் சபையை விட்டுப் போகாமல் உள்ளே இருந்து பேசுவது ஒரு பாடம். நம் சமாதானக் கூட்டங்களில் தோற்ற தரப்பு எழுந்து போய்விடுவதுதான் வழக்கம்.

இதை ஒட்டி ஒரு தவறான பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, 1976-இல் இந்திரா காந்தி சேர்க்கும் வரை நாடு மதச்சார்பற்றதாக இல்லை என்று. சமதர்ம, சமயச்சார்பற்ற என்ற சொற்கள் நெருக்கடிநிலைக் காலத்தில் 42-ஆவது திருத்தத்தால் முகவுரையில் சேர்ந்தது உண்மை. ஆனால் 25 முதல் 28 வரையிலான பிரிவுகள் 1950 ஜனவரி 26-இலேயே இருந்தவை. அந்தச் சொற்களை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

சுதந்திரத்தைப் பொறுத்தவரை நெல்லைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைப்போம். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி எழுந்தது. கடைகள் அடைத்தன, கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நகராட்சி அலுவலகமும் தபால் ஆபீசும் எரிந்தன, போலீஸ் சுட்டு நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் தொழிலாளர்களுக்குச் சாதகமாக முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வ.உ.சி. மீது குற்றச்சாட்டு, இந்தியத் தண்டனைச் சட்டம் 124ஏ, அதாவது ராஜதுரோகம். மேடையில் பேசியதற்கு. நீதிபதி பின்ஹே ஜூலை 7 அன்று கொடுத்த தண்டனை மொத்தம் 40 ஆண்டு தீவாந்தரம். மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

இப்படிப்பட்ட வழக்குகளின் நினைவு அரசியல் நிர்ணய சபையில் இருந்தது. பேச்சுரிமைக்கு விலக்காக வரைவில் ராஜதுரோகமும் இருந்தது. கே.எம். முன்ஷி அதை எடுத்துவிடச் சொல்லி 1948 டிசம்பர் 1 அன்று பேசினார், சபை எடுத்துவிட்டது. இன்றைக்கு 19(2)-இல் தேடினாலும் அந்தச் சொல் கிடைக்காது. ஆனால் தண்டனைச் சட்டத்தில் 124ஏ அப்படியே கிடந்தது. வன்முறைக்கோ பொது ஒழுங்கின்மைக்கோ தூண்டினால்தான் அது குற்றம் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியும், 2011-12-இல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான மீனவர் குடும்பங்கள் மீது அதே ராஜதுரோக வழக்கு பாய்ந்தது. வ.உ.சி.க்குப் போட்ட பிரிவு, அதே மாவட்டத்தில், அவருக்கு மணிமண்டபம் கட்டிய பிறகு. 2013-இல் உலையை இயக்க அனுமதித்த தீர்ப்பிலேயே, போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 மே மாதம் 124ஏ-வையே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் ராஜதுரோகம் என்ற பெயர் இல்லை, 152-ஆவது பிரிவு வேறு சொற்களில் கிட்டத்தட்ட அந்த இடத்தில் நிற்கிறது. அரசாங்கத்தை எதிர்ப்பவன் நாட்டை எதிர்க்கிறான் என்ற பேச்சை இடிந்தகரை விஷயத்தில் நம் ஆட்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன், வ.உ.சி. படத்துக்கு மாலை போட்டுக்கொண்டே.

வ.உ.சி. படமும் இப்போது பெரும்பாலும் ஒரு சாதிச் சங்கப் போஸ்டரில்தான் வருகிறது. தலைவர்களையும் பங்கு போட்டாகிவிட்டது. அவரவர் தலைவருக்கு அவரவர் மாலை, மாலை போட அவரவருக்கு நேரம், சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. தென் மாவட்டங்களில் அம்பேத்கர் கூண்டுக்குள் நிற்கும் காட்சி எல்லாருக்கும் பழகிவிட்டது. 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டு 2,473 விவாதிக்கப்பட்டு ஒரு சபையே உருவாக்கிய அரசமைப்பை, ஒரு பிரிவினருக்காக ஒருவர் எழுதிய புத்தகம் என்று சுருக்கிவிடுவதும் இந்தக் கூண்டின் தொடர்ச்சிதான்.

இதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம். பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? மணிக்கட்டில் கலர் கயிறு. எந்தக் கலர் யாருடையது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். யார் பக்கத்தில் உட்காருவது, யாருடைய சைக்கிளில் ஏறுவது எல்லாவற்றையும் அந்த நூல் சொல்லிவிடும். கயிறு கட்டி வரக் கூடாது என்று 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கம் என்று பல பரிந்துரைகள். சாதிக்கும் நெற்றிப் பொட்டுக்கும் என்ன சம்பந்தம், மதத்தில் கை வைக்கிறார்கள் என்று உடனே எதிர்ப்பும் வந்தது.

சமூக அறிவியல் பரீட்சையில் முகவுரையைப் பற்றிக் கேட்டால் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் எழுதிவிடுவார்கள். நான்கு சொல்லும் வரிசையாக வரும், முழு மதிப்பெண் கிடைக்கும். சகோதரத்துவம் இல்லையென்றால் சமத்துவமும் சுதந்திரமும் மேலே பூசிய பெயிண்ட் அளவுக்குத்தான் ஆழம் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று சபையில் சொன்னார். சேர்மாதேவிப் பள்ளியில் சேர்மாதேவிக் குருகுலத்தைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்து, நீங்கள் ஐயர் இடத்தில் இருந்தால் அந்தப் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டால், பிள்ளைகள் எழுதும் விடை வேறு மாதிரி இருக்கும். பதில் எளிது இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

தனி ஆள்தான் அலகு என்பதைக் கடைசியில் சோதிப்பது கல்யாணம். வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ள வீட்டாரின் சம்மதமோ சாதிக்காரர் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொன்னது. 21-ஆவது பிரிவின் உயிர் வாழும் உரிமையோடு சேர்த்துத்தான் சொன்னது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஐ.டி. வேலையில் இருந்த இளைஞர் ஒருவர், சாதி கடந்த காதல் விவகாரத்தில், பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைப் பற்றிய பேச்சில், தப்புதான், ஆனாலும் அவங்கவங்க அவங்கவங்க இடத்தில் இருந்திருந்தால், என்று இழுத்தவர்களை எல்லாரும் கேட்டிருப்போம்.

அரசமைப்பு நம் ஊருக்குள் தனி ஆளாக உட்கார இடம் போட்டுக் கொடுத்திருக்கும் ஒரு கூட்டம் கிராம சபை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தெரு சார்பாக வர வேண்டியதில்லை, சங்கத்தைக் கேட்க வேண்டியதில்லை. நடப்பில் அங்கேயும் ஆளுக்கொரு பக்கமாகத்தான் உட்காருகிறார்கள் என்பதும், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனி ஊராட்சிகளில் தலைவர் நாற்காலி படும் பாடும் தெரிந்ததுதான். தாழையூத்தில் ஊராட்சித் தலைவியாக இருந்த பட்டியல் சாதிப் பெண் 2011 ஜூனில் வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தார். இருந்தாலும் தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் இந்தச் சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே சுற்றுக்கு வரும் தீர்மான நோட்டில் பல ஊரில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்கிறார்கள். எழுதி, சத்தமாக வாசித்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் போதும், செயலர் வாசித்துத்தான் ஆக வேண்டும். பொதுக் குழாய், சுடுகாட்டுப் பாதை, சலூன் என்று 15(2)-இல் வரும் எதையும் அந்த நோட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம், தன் ஒருவர் பெயரிலேயே.